கிளி வருமுன் அது போகும் இடத்தைப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. மேலே இரண்டு அறையும் ஒரு திறந்த மாடியும். அங்கேதான் 11 வருடமாகக் கைவிடப்பட்ட கிளிகளைப் பராமரித்து வருகிறேன். பகலில் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதும் வேலை. கிளி வேலை காலை 5 மணி முதல் 7 மணி வரை, அப்புறம் மாலையில் அவை உறங்கும் வரை. இடைப்பட்ட பொழுதை அம்மா பார்த்துக்கொள்வார்.

மாதத்துக்கு ஒருவராவது, "நாங்களும் இப்படி ஒன்று தொடங்கப் போகிறோம், என்ன செய்ய வேணும் அக்கா?" என்று வருவார்கள். கூடு எங்கே வாங்குவது, என்ன தீனி போடுவது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வருகிற கிளி உங்கள் வீட்டிலிருந்து எங்கே போகப் போகிறது?

தொடங்கிய காலத்தில் எனக்கே இது தோன்றவில்லை. முதல் வருடம் முடியுமுன் 23 கிளிகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றையும் மனம் கேட்காமல்தான் எடுத்தேன். ஆனால் 23 கூட்டுக்கும் தண்ணீர் மாற்றி முடியவே 7 மணி அடித்துவிடும். எது சாப்பிடவில்லை, எது மூலையில் ஒடுங்கி இருக்கிறது என்று நின்று பார்க்க நேரமில்லை. அப்படிப் பார்க்காமல் விட்டதில் செத்தவை உண்டு. இப்போது என் எண் 9. ஒரு கிளிக்கு ஒரு நாளில் 20 நிமிடமாவது கையும் கண்ணும் வேண்டும். 9 கிளிக்கு 3 மணித்தியாலம். என்னிடமும் அம்மாவிடமும் உள்ளது அவ்வளவுதான். மாடியில் இரண்டு கூடு காலியாகக் கிடந்தாலும் பத்தாவது கிளியை நான் எடுப்பதில்லை. உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தையும் இதே மாதிரி வகுத்துப் பார்த்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதை எழுதி சுவரில் ஒட்டுங்கள், வீட்டார் எல்லோரும் பார்க்கிற இடத்தில்.

கிளி போகக்கூடிய வழி மூன்று. இந்த நாட்டுக் காட்டுக் கிளி என்றால் வனஜீவராசிகள் திணைக்களம். கூட்டில் பிறந்து வளர்ந்த வெளிநாட்டுக் கிளி என்றால் நல்லதொரு வீடு. இரண்டுக்கும் ஆகாததென்றால் சாகும்வரை உங்களோடு. இந்த மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. கூட்டில் நன்றாகப் பார்த்தால் காதல் கிளி 10, 15 வருடம் இருக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40, 50 வருடம் இருக்கும். எனக்கு இப்போது வயது 52.

அதிகாரிகளும் சட்டமும்

இலங்கையில் இயற்கையாக வாழும் கிளி 5 வகை. அதில் இரண்டு உலகில் வேறெங்கும் கிடையாது. காட்டுயிர்களைக் காக்கும் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, பல தடவை திருத்தப்பட்டும் இருக்கிறது. அடிக்கடி மாட்டுப்படுவது பெரிய பச்சைக்கிளி. சிங்களத்தில் லபு கிரவா என்பார்கள். தோளில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை இருக்கும். சாதாரணச் செந்தார்ப் பைங்கிளிக்கு அது இராது, உடம்பும் பாதிதான். பெரிய பச்சைக்கிளி நன்றாகப் பேசப் பழகும் என்பதால் குஞ்சிலேயே பொந்திலிருந்து பிடுங்கி விற்கிறார்கள். அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். காப்பாற்றத்தான் வைத்திருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

எந்த வகை என்று நாமே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. உள்நாட்டுக் கிளி எதுவானாலும் வந்த அன்றைக்கே திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள். கிளியைப் படம் எடுங்கள். யார், எங்கிருந்து, எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார்கள், அழைப்பை எடுத்த உத்தியோகத்தரின் பெயர் என்ன, என்ன சொன்னார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரவில் வந்த கிளியை விடியும்வரை வைத்திருக்கச் சொன்னால் அதையும் எழுதுங்கள். கொழும்புப் பக்கத்தில் பெரும்பாலும் அத்திடியவில் உள்ள திணைக்களத்தின் பராமரிப்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோகச் சொல்வார்கள். அங்கே போய் வரும் வழக்கம் வந்துவிட்டால் உங்களை அவர்களும் தெரிந்துகொள்வார்கள். பிறகு ஒரு நாள் ஒழுங்கையில் யாராவது, "அந்த வீட்டில் கிளி பிடித்து வைத்திருக்கிறார்கள்" என்று முறைப்பாடு கொடுத்தாலும் உங்கள் கொப்பி பேசும். எனக்கு ஒரு தடவை அது நடந்தது. வந்தவர்கள் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விற்கிறவனிடம் பாவம் பார்த்துக் கிளியை வாங்காதீர்கள். வீதியோரத்தில் ஒரு சின்னக் கூட்டுக்குள் எட்டுக் குஞ்சுகளைப் பார்த்தால் வயிறு பற்றி எரியும், தெரியும். காசு கொடுத்து ஒன்றை எடுத்தால் அடுத்த கிழமை அந்த இடத்தில் இன்னொரு குஞ்சு இருக்கும். அதற்காக இன்னொரு பொந்து உடைபட்டிருக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு 1992க்குச் சொல்லுங்கள்.

வந்த முதல் ஒரு மணித்தியாலம்

கிளியைக் கொண்டுவருகிறவர்கள் அதற்கு ஏதாவது ஊட்ட வேண்டும் என்று துடிப்பார்கள். விடாதீர்கள். பயந்து, உடம்பு குளிர்ந்து போன கிளிக்கு வாயில் தண்ணீர் விட்டால் அது நுரையீரலுக்குள் போகும். முதலில் வேண்டியது இருட்டும் சூடும் அமைதியும்தான். நான் சப்பாத்துப் பெட்டியை விடப் பெரிய ஒரு மட்டைப் பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் பழைய துவாய் விரித்து வைத்திருப்பேன். ஒரு பக்கத்தில் மட்டும் சுடுதண்ணீர்ப் போத்தல், துணி சுற்றி. சூடு கூடினால் கிளி மற்றப் பக்கம் நகர இடம் இருக்க வேண்டும்.

அரை மணித்தியாலம் போனபின் திறந்து பாருங்கள். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா? அப்படியென்றால் மூச்சு முட்டுகிறது, உடனே மிருக வைத்தியர். எச்சம் எப்படி என்று பாருங்கள்: பச்சைப் பகுதி, வெள்ளைப் பகுதி, தெளிந்த நீர் என்று மூன்றும் இருக்க வேண்டும். பிறகு நெஞ்சு. துவாயால் பிடித்து நெஞ்செலும்பின் இரு பக்கத்தையும் ஒரு விரலால் தடவுங்கள். சதை உருண்டு நின்றால் நல்லது. கத்தி மாதிரி எலும்பு துருத்தினால் அந்தக் கிளி பல நாளாகப் பட்டினி, அல்லது பல நாளாகச் சுகமில்லை. இறகை உப்பிக்கொண்டு இருப்பதால் வெளியே பார்த்தால் கொழுத்த கிளி மாதிரித்தான் தெரியும். கிளி தன் நோயைக் காட்டாது. காட்டில் நோயைக் காட்டினால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும். கூட்டில் பிறந்ததற்கும் அந்தக் குணம் போவதில்லை. கூட்டின் அடியில் வந்து உட்கார்ந்துவிட்டதென்றால் நோய் முற்றிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

அதனால் தராசை நம்புங்கள். சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன இலக்கத் தராசு, 1 கிராம் வரை காட்டுவது, போதும். தினமும் காலையில் எச்சம் போட்டபின், தீனிக்கு முன் நிறுத்து எழுதுங்கள். செந்தார்ப் பைங்கிளி கிட்டத்தட்ட 120 கிராம். அதில் 12 கிராம் குறைந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு, அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்றால் சில நேரம் நாளை இருக்காது.

தனி அறை இல்லாவிட்டால் தொடங்காதீர்கள்

இரண்டாம் வருடத்தில் ஒருவர் இரண்டு காதல் கிளிகளைக் கொண்டுவந்தார். பார்க்க நல்ல சுறுசுறுப்பு. மற்றக் கிளிகள் இருந்த அறையிலேயே, கொஞ்சம் தள்ளி, அவற்றின் கூட்டை வைத்தேன். பத்து நாளில் புதியவை இரண்டும் செத்தன. அதற்கடுத்த மூன்று கிழமையில் என்னிடம் இருந்தவற்றில் நாலு போயின. அதில் ஒன்று என் தோளில் உறங்கும் கொக்கட்டியல் என்ற சின்னக் கொண்டைக் கிளி. வைத்தியர் என்னைத் திட்டவில்லை. "எத்தனை நாள் பிரித்து வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போது புதியது எதுவானாலும் 45 நாள் கீழே, மாடிப் படிக்குப் பக்கத்து அறையில்தான். அதற்குத் தனிப் பாத்திரம், தனித் துடைப்பம், தனித் துணி. முதலில் பழைய கிளிகளின் வேலையை முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே போவேன். திரும்பி வந்து சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, உடுப்பை மாற்றுவேன். அந்த அறைக் காற்று மற்ற அறைக்குள் போகக் கூடாது, எச்சம் காய்ந்து தூசியாகப் பறப்பதால்.

உங்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. கிளிக்காய்ச்சல் என்ற நோய் கிளியிடமிருந்து மனிதருக்கு வரும், அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதால். எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு துடையுங்கள். கொழும்பில் காய்ச்சல் என்று போனால் எல்லோருக்கும் முதலில் டெங்குப் பரிசோதனைதான் நினைவுக்கு வரும். அது சரிதான், ஆனால் நீங்கள் வாய் திறந்து "நான் கிளிகளோடு இருக்கிறேன்" என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அதற்குரிய மருந்து இருக்கிறது. சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

கூடு, புகை

கூடு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை; இரண்டு செட்டையையும் விரித்து அடிக்க இடம் வேண்டும். நான் சொல்ல விரும்புவது கம்பி வலையைப் பற்றி. கடைகளில் கிடைக்கும் வெள்ளைப் பூச்சுக் கம்பி வலையின் மேல் நாகம் (துத்தநாகம்) என்ற உலோகம் இருக்கிறது. கிளி சொண்டால் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துகள் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. புது வலை வாங்கினால் வினாகிரி ஊற்றி, கெட்டியான தூரிகையால் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலிலும் மழையிலும் ஒரு மாதம் போட்டுவையுங்கள். பிறகு கூடு செய்யுங்கள். எங்களுக்கு இன்னொரு தொல்லை கடற்காற்று. கடலோரத் தண்டவாளப் பக்கம் பார்த்த கூடுகள் இரண்டு வருடத்தில் துருவேறிவிடும். முடிந்தால் காசு சேர்த்துத் துருப்பிடிக்காத எஃகில் ஒரு கூடாவது செய்துகொள்ளுங்கள். கூட்டுக் கதவுக்குக் கொளுக்கி போதாது, பூட்டு வேண்டும். சாம்பல் கிளி கொளுக்கியைத் திறந்துவிடும். இரவில் மரநாயும் எலியும் வரும், ஆகவே மாடிக் கூட்டுக்கு இரட்டை வலை.

புகை விஷயத்தில் வீட்டாரோடு முதலிலேயே கதைத்துவிடுங்கள். கிளியின் நுரையீரல் நம்முடையதைப் போல் இல்லை. காற்றில் உள்ளதை வெகு வேகமாக இழுத்துவிடும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எங்கள் வீட்டில் கீழே சாமியறையில், கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்துதான். அம்மாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. பிறகு ஒரு கிளி சாம்பிராணி நேரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதை அவரே பார்த்தார். அன்றிலிருந்து அவரே கதவைச் சாத்துகிறார். நுளம்புத் திரி வேண்டாம், நுளம்பு வலை கட்டுங்கள். நொன்ஸ்டிக் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால், அதன் பூச்சு அளவுக்கு மீறிச் சூடாகி வரும் ஆவி சில நிமிடத்தில் கிளியைக் கொன்றுவிடும். நமக்கு மணம்கூடத் தெரியாது. கிளி உள்ள வீட்டில் அந்தச் சட்டியே வேண்டாம், இரும்புத் தாச்சி இருக்கிறது. டெங்கு ஒழிப்புக்குப் புகை அடிக்க ஆட்கள் வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எங்கள் ஒழுங்கையில் வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாக் கூட்டையும் உள்ளறைக்கு இழுத்து, யன்னலைப் பூட்டி, கதவிடுக்கில் ஈரத் துவாயை வைத்துவிடுவோம்.

தீனி

என்னிடம் வரும் கிளிகளில் பெரும்பாலானவை சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று வளர்ந்தவை. சில சோறும் பாணும் மட்டும். விதையில் கொழுப்புக் கூட, உயிர்ச்சத்து ஏ இல்லை. ஈரல் கெட்டு, மூக்குத் துளை அடைத்து, இறகு மங்கிப் போய் வரும். அதற்காக வந்த அன்றே விதையை நிறுத்தினால் பட்டினி கிடந்து செத்துவிடும், ஏனென்றால் மற்றதைச் சாப்பாடு என்றே அதற்குத் தெரியாது. காலையில் பசியோடு இருக்கும்போது காய்கறி, மாலையில் கொஞ்சம் விதை. தராசைப் பார்த்துப் பார்த்து விதையைக் குறைக்க வேண்டும். சில கிளிக்கு இரண்டு மாதம் எடுக்கும்.

காலைச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தைச் சந்தையே போதும்: முளைவிட்ட பயறு, கௌபி, அவித்த குரக்கன், பூசணி, கரட், முருங்கையிலை, பப்பாசி, விதை நீக்காத கறிமிளகாய். பச்சை மிளகாய் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கிளிக்கு உறைப்புத் தெரியாது, தாராளமாகக் கொடுங்கள். ஆனைக்கொய்யா என்கிற அவகாடோ, சொக்லேட், கோப்பி, வெங்காயம் ஆகாது. முளைப் பயறை ஒவ்வொரு வேளையும் மணந்து பாருங்கள். இந்த வெக்கையில் மதியத்துக்குள் புளித்துவிடும். விதைச் சாக்கை எலி தொடாத தகர டின்னில் வையுங்கள்.

குஞ்சுகள்

வருடத் தொடக்கத்திலிருந்து மே வரை கைபேசி ஓயாது. வீடு கட்ட மரம் வெட்டுவார்கள், பட்ட தென்னையைச் சாய்ப்பார்கள், உள்ளே குஞ்சு இருக்கும். முதலில் கேட்க வேண்டியது, திருப்பி வைக்க முடியுமா என்பதுதான். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. பொந்து உடையாமல் இருந்தால் குஞ்சை உள்ளே வைத்து, தூரப் போய் நின்று, தாய் வருகிறதா என்று இரண்டு மணித்தியாலம் பாருங்கள். இப்படிக் கைபேசியிலேயே வழி சொல்லித் தாயோடு சேர்ந்த குஞ்சுகள் பல. அவற்றை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய சந்தோசம் கிடையாது.

முடியாதபோது குஞ்சு வந்துவிடும். ஓட்டோ ஓட்டும் ஒரு தம்பி ஒரு நாள் மாலை பாண் பையில் ஒரு குஞ்சைக் கொண்டுவந்தார். இறகு முளைக்கத் தொடங்கியிருந்தது, குத்தூசி மாதிரி. அவர் வீட்டில் அதற்குப் பாலும் சோறும் பிசைந்து ஊட்டியிருந்தார்கள், நல்ல மனதோடுதான். கழுத்தடியில் தீனிப்பை ஒரு சின்ன பலூன் மாதிரி வீங்கி, தோல் வழியே உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. கிட்டப் பிடித்தால் புளித்த வாடை. பால் குருவி வயிற்றில் செரிக்காது. குஞ்சு குளிர்ந்து போனாலும் உள்ளே போனது அப்படியே நின்று புளிக்கும். வைத்தியர் குழாய் விட்டுக் கழுவி எடுத்தார். மூன்று நாள் தொங்கிக்கொண்டிருந்து பிழைத்தது. பிறகு அத்திடியவுக்குப் போயிற்று.

ஊட்டுவதானால் குஞ்சுக்கென்றே விற்கும் பொடியை, பைக்கற்றில் உள்ள அளவுப்படி கரைத்து, 39 அல்லது 40 பாகை சூட்டில் கொடுங்கள். கையை வைத்துப் பார்ப்பது போதாது, வெப்பமானி வாங்குங்கள். சூடு குறைந்தால் தீனிப்பையில் தேங்கும். கூடினால் உள்ளே வெந்துவிடும், அது அன்றைக்குத் தெரியாது; நாலைந்து நாளில் கழுத்தில் ஓட்டை விழுந்து ஊட்டியது அதன் வழியே வடியும்போதுதான் தெரியும். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், ஓரிடம் கொதித்து ஓரிடம் ஆறியிருக்கும். தீனிப்பை காலியானபின் அடுத்த வேளை. காலுக்கு அடியில் பேப்பர் விரிக்காதீர்கள், வழுக்கி இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து நிரந்தரமாக ஊனமாகும், துவாய் போடுங்கள்.

சூட்டுக்கு மின்குமிழை மட்டும் நம்பாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரன்ட் இல்லாமல் இருந்தது. அப்போது என்னிடம் மூன்று குஞ்சுகள். சோடாப் போத்தல்களில் சுடுதண்ணீர் ஊற்றி, கணவரின் காலுறைக்குள் போட்டு, பெட்டியின் ஓரத்தில் வைத்து, 40 நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றினோம். கேஸும் இல்லை, தண்ணீர் சுட வைக்க விறகு மூட்டினால் புகை மேலே போகிறது. கடைசியில் பெரிய கிளிகளைத் தெஹிவளையில் தங்கை வீட்டுக்கு மாற்றினோம். அன்றிலிருந்து நாலு வெந்நீர்க் குடுவையும் இரண்டு குஞ்சுப் பொடிப் பைக்கற்றும் எப்போதும் அலுமாரியில் இருக்கும்.

கையில் வளர்ந்த குஞ்சைப் பறக்க விட்டால் சுதந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. கொழும்புக் காகங்கள் பத்து நிமிடம் விடமாட்டா. எங்கே இரை, எது எதிரி என்று அதற்குத் தெரியாது. பசித்தால் மனிதன் தோளில் போய் உட்காரும். காட்டுக்குத் திருப்புவது கூட்டமாகச் சேர்த்து, பெரிய கூட்டில் பழக்கி, மெல்ல மெல்லச் செய்ய வேண்டிய வேலை. அதைத் திணைக்களத்திடம் விடுங்கள்.

அயலும் காசும்

விடியும்போதும் பொழுது சாயும்போதும் கிளி கத்தும், அதை நிறுத்த முடியாது. இரவு 7 மணிக்கு நான் துணி போட்டு மூடுவதால் விடியும்வரை அமைதி. தொடர்மாடியில் இருப்பவர்கள் பெரிய கிளி எடுக்க வேண்டாம். டிசம்பர் 31ஆம் திகதியும் ஏப்ரல் வருடப் பிறப்புக்கும் வெடி கொளுத்தும் இரவில் ஒரு மங்கல் விளக்கை எரிய விடுங்கள். இருட்டில் மிரண்டு கூட்டில் மோதிச் செட்டையை உடைத்துக்கொள்ளும், கொக்கட்டியல் முக்கியமாக.

காசில் பெரிய பங்கு தீனிக்குப் போவதில்லை, வைத்தியருக்குத்தான் போகிறது. பறவை பார்க்கத் தெரிந்த வைத்தியர் யார் என்று முதல் கிளி வருமுன் தேடிக்கொள்ளுங்கள். நாய் பூனைக்கு நல்லவரானாலும் பறவைக்குப் பழக்கமில்லாதவர் இருப்பார். ஒரு கிளியின் வைத்தியச் செலவைத் தனியே எடுத்து வைத்த பின்புதான் அடுத்ததை எடுப்பேன்.

மணி

வீடு பார்த்துக் கொடுப்பதைப் பற்றி மணியை வைத்தே சொல்கிறேன். மணி ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. அதை வளர்த்த குடும்பத்துக்குக் கனடா விசா கிடைத்துவிட்டது. சாம்பல் கிளியை நாடு விட்டு நாடு கொண்டுபோவது இலேசல்ல. காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2016 மாநாட்டில் அதை மிகக் கடும் கட்டுப்பாடுள்ள முதலாம் அட்டவணைக்கு மாற்றிவிட்டார்கள். பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது கூட்டோடு கொண்டுவந்து வைத்துவிட்டு அந்த அம்மா படியில் உட்கார்ந்து அழுதார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. இந்த ஊரில் எத்தனை வீட்டில் இது நடந்திருக்கிறது.

மணி முதல் ஒரு கிழமை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு ஒரு மாலை வட்ஸ்அப் அழைப்பு மணி அடித்தது. கைபேசியை எடுத்துப் பார்த்தேன், அழைப்பு இல்லை. கூட்டுக்குள்ளிருந்து, "ஹலோ, சாப்பிட்டாச்சோ?" என்றது, அந்த அம்மாவின் குரலில். தினமும் அதே நேரத்துக்கு அடிக்கும். அடித்துவிட்டு நெஞ்சு இறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கும். ஒரு மாதத்தில் நெஞ்சு, உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது.

இறகு பிடுங்கினால் மனக்கவலை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தோல் நோயும் ஈரல் நோயும் பிடுங்க வைக்கும், முதலில் வைத்தியர். மணிக்கு உடம்பில் குறை இல்லை. ஆகவே நாள் முழுக்க அதற்கு வேலை கொடுத்தோம். தீனியைக் கிண்ணத்தில் வைப்பதை நிறுத்தினோம். சிரட்டைக்குள் வைத்து மட்டையால் மூடி, தென்னங்குருத்தால் கட்டி, சோளப் பொத்திக்குள் ஒளித்து வைத்தால், அதைப் பிரித்து எடுக்கவே ஒரு மணித்தியாலம் போகும். காலையில் நீர் தெளித்துக் குளிப்பாட்டல். அந்த மாலை வேளையில் அம்மா பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்து, மணி அடித்ததும், "ஓம், சாப்பிட்டாச்சு, நீ சாப்பிட்டாயோ?" என்று பதில் சொல்லத் தொடங்கினார். எட்டாம் மாதம் இடப்பக்க நெஞ்சில் சாம்பல் பஞ்சு முளைத்தது.

வீடு தேடியபோது 14 பேர் கேட்டார்கள். நான் எல்லோரிடமும் கேட்பவை: நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பது? வெளிநாடு போகும் யோசனை உண்டா? வீட்டில் புகைபிடிப்பவர் உண்டா? உங்களுக்குப் பிறகு கிளி யாருக்கு, அவரிடம் கேட்டீர்களா? பிறகு சொல்லாமல் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். மூன்று தடவை மாடிக்கு வந்து கிளியோடு இருந்து பழகாதவருக்குக் கொடுப்பதில்லை. கேட்டவர்களில் சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும். கடைசியில் கொட்டாஞ்சேனையில் வயதான ஒரு தம்பதி. பிள்ளைகள் வெளிநாட்டில், மாலையானால் கைபேசி உண்மையாகவே அடிக்கும் வீடு. பக்கத்தில் இருக்கும் மருமகள் அவர்களுக்குப் பிறகு தான் பார்ப்பதாக எழுதிக் கொடுத்தார். வைத்திருக்க முடியாமல் போனால் விற்கவோ வேறு கைக்கு மாற்றவோ கூடாது, என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தாளில் இரு தரப்பும் கையெழுத்து.

கிளியோடு கொப்பியின் பக்கங்களையும் படியெடுத்துக் கொடுங்கள்: நிறை, தீனி, எதற்குப் பயம், எப்படி மூடினால் உறங்கும். முதல் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் நிறையை அனுப்பச் சொல்லுங்கள். குறைந்தால் அவர்கள் சொல்லுமுன் நமக்குத் தெரியும். கொட்டாஞ்சேனை ஐயா மூன்று மாதம் முடிந்தும் அனுப்புவதை நிறுத்தவில்லை. போன ஞாயிறு மணி 438 கிராம்.